உரித்து விரித்த தோல்

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, ஒரு நாள் பிற்பகல், அவனுடைய கணினித் திரையில் விசித்திரமானதொரு படத்தைக் கண்டேன். சதுரமான ஒரு பரப்பின்மேல், நீண்டும் குறுகியும், வளைந்தும் கோணியும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருபது முப்பது துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு துண்டினுள்ளும் மெல்லிய கோடுகளால் பின்னிய முக்கோண வலை தெரிந்தது. தையற்காரர் ஒருவர் சட்டைக்குத் துணி வெட்டிவிட்டு, கையும் காலரும் முதுகும் பையுமாகத் தரையில் பரப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது அந்தக் காட்சி. "இது என்னடா?" என்று கேட்டேன். "துப்பாக்கி, மாமா" என்றான் அவன், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற தோரணையில்.

விஷயம் இதுதான். தான் ஆடும் விளையாட்டில் வரும் துப்பாக்கிக்குத் தன் விருப்பப்படி வேறு நிறமும் வேறு சித்திரமும் பூசிப் பார்க்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அவ்விதம் பூசி, பக்கவாட்டில் தன் பெயரையும் தமிழில் அழகாக எழுதியிருந்தான். திரையில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டினான். பெயர் திருத்தமாகத் தெரிந்தது. மேலும் சுழற்றினான், மறுபக்கத்திலும் அதே பெயர், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிக் கிடந்தது. "நான் ஒரு பக்கம்தான் எழுதினேன் மாமா. அந்தப் பக்கம் தானா வந்துடுச்சு, அதுவும் திருப்பிப் போட்ட மாதிரி. இது ஏன்?" என்று கேட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று நாட்கள் அவனோடு உட்கார்ந்து அந்தக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியதையே இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

கணினி விளையாட்டில் வரும் எந்த வஸ்துவும், அது துப்பாக்கியாயினும் வாளாயினும் மனிதனாயினும், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுதான். அந்தக் கூடு முக்கோணங்களால் ஆனது; ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் வெளியில் இன்ன ஸ்தானம் என்று நிர்ணயிக்கும் மூன்று எண்கள் உண்டு; அவற்றை வழக்கப்படி எக்ஸ், ஒய், இஸட் என்கிறோம். இந்த மூன்று எண்களால் வடிவம் கிடைத்துவிடுகிறது, நிறம் கிடைப்பதில்லை. மரக்கட்டையின் ரேகையும், இரும்பின் துருவும், பிடியில் கைபட்டுத் தேய்ந்த பளபளப்பும், சாதாரணமான ஒரு தட்டைப் படத்தில், நாம் கைப்பேசியில் எடுக்கும் புகைப்படத்தைப் போன்றதொரு படத்தில், தனியே இருக்கின்றன. இதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். அப்படியானால், எந்த முக்கோணத்திற்குப் படத்தின் எந்தப் பகுதி உரியது என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது? ஒவ்வொரு முனைக்கும் மேலும் இரண்டு எண்களைக் கொடுத்துவிடுவதால் அறிகிறது. எக்ஸ், ஒய், இஸட் ஆகிய எழுத்துகள் ஏற்கெனவே செலவாகிவிட்டபடியால், இவ்விரண்டும் யூ, வி எனப்பட்டன. புற ஊதாக் கதிருக்கும் ஆங்கிலத்தில் இதே இரண்டு எழுத்துகள்தாம் குறியீடு. அதற்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை.

யூ என்பது படத்தின் அகலவாக்கில் அளப்பது, வி என்பது உயரவாக்கில் அளப்பது. இரண்டும் சாதாரணமாகப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும். ஒரு முனையின் யூ 0.25 என்றும் வி 0.5 என்றும் இருந்தால், படத்தின் இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தூரத்தில், உயரத்தில் சரிபாதியில் உள்ள புள்ளி அந்த முனைக்கு உரியது. இது பிக்ஸல் கணக்கு அல்ல, விகிதக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகையினால்தான், 512 பிக்ஸல் அகலமுள்ள பழைய படத்தை எடுத்துவிட்டு 2048 பிக்ஸல் அகலமுள்ள புதுப் படத்தை அதே இடத்தில் வைத்தாலும், துப்பாக்கி ஒரு நூலும் பிசகாமல் அதை ஏற்றுக்கொள்கிறது. பழைய விளையாட்டுகளுக்குத் துல்லியமான புதுத்தோல் போர்த்துகிறவர்களின் சாமர்த்தியம் முழுவதும் இந்த ஒரு சௌகரியத்தின்மேல்தான் நிற்கிறது.

இந்த யுக்தியை முதன்முதலில் கையாண்டவர் எட் கேட்மல். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-ல் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி ஏடு, வளைந்த பரப்புகளைத் திரையில் காட்டுவது எப்படி என்பதைப் பற்றியது. அவர் எடுத்துக்கொண்ட பரப்புகள் கணிதச் சமன்பாடுகளால் வளைத்த ஒட்டுத்துணிகளைப் போன்றவை. ஒவ்வொரு ஒட்டிலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு அளவுகோல்கள் இயல்பாகவே இருந்தன. அந்த அளவுகோல்களையே படத்தின் முகவரியாகவும் வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் எண்ணியதில் பிறந்ததுதான் இந்த வித்தை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976-ல், ஜிம் பிளின்னும் மார்ட்டின் நியூவெலும் இதை மேலும் விரித்து, பளபளக்கும் பரப்பில் சுற்றுப்புறத்தின் பிரதிபிம்பத்தைக் காட்டவும் பயன்படுத்தினார்கள். கேட்மல் பிற்காலத்தில் பிக்சார் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். கணினித் துறையின் மிகப் பெரிய கௌரவமாகிய டூரிங் விருது, 2019-ம் ஆண்டுக்கு, அவருக்கும் பாட் ஹன்ரஹனுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

கேட்மலின் ஒட்டுத்துணிகளுக்கு முகவரி பிறவியிலேயே இருந்தது. துப்பாக்கிக்கு இல்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து அதன் தோலை உரித்துத் தட்டையாக விரித்து, ஒவ்வொரு முனைக்கும் முகவரி எழுத வேண்டும். உரிப்பது என்ற சொல்லை நான் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. தொழிலில் இருப்பவர்களும் பிரிப்பது, விரிப்பது என்றே பேசுகிறார்கள். வெட்டு விழும் கோட்டுக்குத் தையல் என்றும், வெட்டியபின் தனித்துக் கிடக்கும் துண்டுக்குத் தீவு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மிக எளிய உதாரணமாக, மூடிய அட்டைப்பெட்டி ஒன்றை, ஆறு பக்கமும் சம சதுரமானதை, எடுத்துக்கொள்வோம். அதற்கு எட்டு மூலைகள், பன்னிரண்டு விளிம்புகள். இதைக் கிழியாமல் ஒரே துண்டாகத் தட்டையாக்க வேண்டுமானால், ஏழு விளிம்புகளைக் கத்தரித்தாக வேண்டும். ஐந்து விளிம்புகள் மடிப்பாக மிஞ்சும். எந்த ஏழை வெட்டுவது என்பது நம் இஷ்டம். வெவ்வேறு விதமாக வெட்டினால் பதினொரு வேறுபட்ட வடிவங்கள் கிடைக்கும். இவ்வாறு திண்ம வடிவங்களை விரித்து வரைந்து காட்டும் வழக்கம் புதியதல்ல; ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல் வெளியிட்ட அளவை நூலிலேயே அத்தகைய படங்கள் உண்டு. நமக்கு இங்கே விசேஷமாவது வேறொன்று. விரித்த அட்டையின் மூலைகளை எண்ணிப் பாருங்கள். எட்டு அல்ல, பதினான்கு. பெட்டியைச் சிலுவை வடிவமாக விரித்திருந்தால், எட்டு மூலைகளில் நான்குக்கு மட்டுமே படத்தில் ஒரே முகவரி; இரண்டுக்கு இரண்டிரண்டு; மீதி இரண்டுக்கு மும்மூன்று. வெளியில் ஒரே இடத்தில் இருக்கும் மூலை, படத்தில் மூன்று ஊர்களில் வீடு வைத்திருக்கிறது. விளையாட்டுக் கோப்பைத் திறந்து பார்க்கும் புதியவர்கள், மாடலைச் செய்தவர் சொன்ன எண்ணிக்கையைவிட முனைகள் அதிகமாயிருக்கக் கண்டு திகைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுவே. தையல் ஓடும் வழியெல்லாம் முனைகள் இரட்டித்துப் போகின்றன.

பெட்டியாவது நேர்மையானது, வெட்டினால் படிந்து கொடுக்கிறது. உருண்டையானவை அப்படியல்ல. சாத்துக்குடித் தோலை எவ்வளவு பொறுமையாக உரித்தாலும், அதை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் ஓரம் கிழியும், அல்லது நடுவில் புடைக்கும். இது நம் கையின் குற்றமன்று என்பதை 1827-ல் கணித மேதை காஸ் நிரூபித்துவிட்டார்: ஒரு பரப்பின் வளைவு, அதைக் கசக்காமல் நீட்டாமல் எப்படி மடக்கினாலும் மாறாத குணம், கோளத்துக்கு அந்த வளைவு உண்டு, தாளுக்கு இல்லை, ஆகவே கோளத்தைத் தாளாக்கும் எந்த முறையிலும் ஏதோ ஓர் அளவு பொய்யாகியே தீரும். மாலுமிகளுக்காக 1569-ல் மெர்கேட்டர் வரைந்த உலகப்படம் திசைகளைக் காப்பாற்றுவதற்காகப் பரப்பளவைப் பலி கொடுத்தது; அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தோன்றுகிறது, ஆனால் வாஸ்தவத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. துப்பாக்கியின் தோலை விரிப்பவரும் மெர்கேட்டரின் தர்மசங்கடத்தில்தான் இருக்கிறார். கோணங்களைக் காப்பதா, பரப்பைக் காப்பதா, இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதா? இதற்கு உதவும் கணித முறைகளைப் பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 2002-ல் பிரூனோ லேவியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட, கோணப் பிசகைக் குறைக்கும் முறை அவற்றில் ஒன்று. ஆனால் எங்கே வெட்டுவது என்பதை, நல்ல வேலைப்பாட்டுக்கு, இன்றும் மனிதரே தீர்மானிக்கிறார். நஷ்டம் உண்டு என்பது காஸ் சொன்னது. அந்த நஷ்டத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்பதுதான் கைவினைஞரின் சுதந்திரம்.

துப்பாக்கியின் அதிர்ஷ்டம், அதில் உருண்டைப் பகுதிகள் குறைவு. உருளைகளும் பட்டைகளுமே அதிகம். உருளையை ஒரே கோடாக வெட்டினால் எந்தப் பொய்யுமின்றிச் செவ்வகமாக விரிந்துவிடும். குழலின் ஆரம் ஓர் அலகு, நீளம் இருபது அலகு என்று வைத்துக்கொண்டால், சுற்றளவு 6.28 அலகு. இருபது அலகு நீளத்தைப் படத்தில் 1024 பிக்ஸல் நீளத்தில் கிடத்தினால், ஓர் அலகுக்கு 51 பிக்ஸல் சொச்சம் விழுகிறது. எனவே அந்தச் செவ்வகத்தின் அகலம் ஏறக்குறைய 322 பிக்ஸல் இருந்தாக வேண்டும். இடம் போதவில்லையென்று அதை 160 பிக்ஸலாக நெருக்கினால், வட்டமாக வரைந்த பொட்டு குழலின்மேல் நீள்வட்டமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு: சித்திரம் எதையும் வரைவதற்கு முன்னால், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைக் கட்டங்களைப் படம் முழுவதும் நிரப்பி, மாடலின்மேல் போர்த்திப் பார்ப்பது. கட்டங்கள் எல்லாம் சதுரமாகவும் ஒரே பருமனாகவும் தெரிந்தால் விரித்தவர் நிபுணர்; ஓரிடத்தில் கட்டம் சப்பையாகவும், ஓரிடத்தில் பூதாகாரமாகவும் தெரிந்தால், அந்த இடங்களில் எழுத்தோ முகமோ வரையாமல் ஒதுங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

குழல் நுனிப்பக்கம் சிறுத்துக் கொண்டே போனால் அது கூம்பின் பகுதியாகிவிடுகிறது. கூம்பும் பொய்யில்லாமல் விரியும். ஆனால் செவ்வகமாக அல்ல, விசிறியாக. அந்த விசிறியின்மேல் அளவுகோல் வைத்து நேர்க்கோடாக ஒரு பட்டை இழுத்தால், அது குழலில் மோதிரமாகச் சுற்றாமல் சாய்ந்து ஏறும். சரியான மோதிரம் வேண்டுமானால் விசிறியின் வளைவோடு வளைவாக வரைய வேண்டும். இது சலிப்பூட்டும் வேலையென்பதால், மாடல் செய்பவர்களில் பலர் விசிறியை வேண்டுமென்றே நிமிர்த்திச் செவ்வகமாக்கிவிடுகிறார்கள். நுனியில் சிறிது இழுவிசை ஏறினாலும், வரைபவனுக்குச் சௌகரியம். எனக்கு இந்தச் சமரசம் பிடித்திருக்கிறது. கணிதத்துக்கு உண்மையாயிருப்பதைவிட, பின்னால் வரப்போகும் கைக்கு உதவியாயிருப்பது மேல் என்று எவரோ முகந்தெரியாத ஒருவர் நினைத்திருக்கிறார்.

இவ்வாறு வேறொருவர் விரித்து வைத்த தோலைப் படிக்கப் படிக்க, அவருடைய எண்ண ஓட்டமே நமக்குப் புலப்படத் தொடங்குகிறது. தையல்கள் எங்கே போயிருக்கின்றன? குழலின் அடிப்பக்கத்தில், விசையைச் சுற்றிய வளையத்தின் உட்புறத்தில், மரமும் இரும்பும் சேருமிடத்தில். அதாவது பார்ப்பவர் கண் போகாத இடத்திலும், நிறம் எப்படியும் மாறப்போகிற இடத்திலும். எந்தத் தீவு பெரிதாயிருக்கிறது? முதல் ஆள் பார்வையில் ஆடும் விளையாட்டில், வலக்கையில் பிடித்த துப்பாக்கியின் பின்புறமும் மேற்புறமும் இடப்பக்கமும்தான் எந்நேரமும் ஆடுபவர் கண்ணெதிரே நிற்கின்றன. ஆகவே அவற்றுக்குப் படத்தில் விஸ்தாரமான நிலம் ஒதுக்கியிருப்பார்கள். குழல்வாய், அடித்தட்டு, தோளில் பதியும் பகுதி முதலியவற்றுக்கு மூலையில் சிறு குடிசைகள். உண்மைத் துப்பாக்கியில் எது பெரியது என்பது இங்கே கணக்கில்லை. கண்ணுக்கு எது அருகில் என்பதே கணக்கு.

என் மருமகனுடைய கேள்விக்கு விடையும் இந்த நிலப் பங்கீட்டில்தான் இருந்தது. கட்டையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். இரண்டையும் தனித்தனியே விரித்தால் இரண்டு பங்கு நிலம் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் விரித்துவிட்டு, மறுபக்கத்து முனைகளுக்கும் அதே யூ, வி எண்களை எழுதிவிட்டால், ஒரு பங்கு நிலத்தில் இரண்டு பக்கமும் குடியேறிவிடும். மிச்சமான இடத்தில் எல்லாத் தீவுகளையும் பெரிதாக்கிக்கொள்ளலாம். திரையில் ஒரே தீவாகத் தெரிந்தது உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகப் படிந்திருந்த இரண்டு தீவுகள். அவன் எழுதியது ஒரு பெயர்தான். அதைப் படித்தவர்கள் இரண்டு பேர், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து. மரத்தின் ரேகையும் இரும்பின் கீறலும் திருப்பிப் போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுத்து ஒன்றுதான் குட்டை உடைக்கிறது.

இத்தனை சிக்கனம் எதற்கு என்று தோன்றலாம். 1024 பிக்ஸல் சதுரமான படம், பிக்ஸலுக்கு நான்கு பைட் வீதம், 4 மெகாபைட் நினைவகத்தை அடைக்கும். பக்கத்தை இரட்டித்து 2048 ஆக்கினால் 16 மெகாபைட். விளையாட்டில் துப்பாக்கி ஒன்று மட்டுமா? சுவரும் தரையும் மரமும் மனிதர்களும் அதே நினைவகத்திற்குப் போட்டியிடுகிறார்கள். முன்பு இந்த நெருக்கடி இன்னும் கடுமையாயிருந்தது. 1996-ல் வெளிவந்த குவேக் விளையாட்டில், ஆளுக்கும் ஆயுதத்திற்கும் டெக்ஸ்சர் என்பது 256 நிறங்களுக்குள் அடங்கிய ஒரு சிறு படம். அதிலும் விரித்தல் என்ற கலையே கிடையாது. வஸ்துவை முன்பக்கமிருந்து பார்த்த தோற்றம் படத்தின் இடப்பாதியில், பின்பக்கமிருந்து பார்த்த தோற்றம் வலப்பாதியில். இரண்டும் சேரும் ஓரத்து முனைகளுக்குத் தையலில் உள்ளது என்று ஓர் அடையாளம் மட்டும் கோப்பில் இருக்கும். பின்பக்க முக்கோணம் அந்த முனையைக் கேட்கும்போது படத்தின் அகலத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் அச்சு வைத்து வார்த்த சர்க்கரைப் பொம்மையைப் போன்ற ஏற்பாடு இது. பக்கவாட்டில் திரும்பியிருக்கும் பரப்புகளுக்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றிரண்டு பிக்ஸல்தான் கிடைக்கும். அவை அங்கே இழுபட்டுக் கோடு கோடாகத் தெரியும். ஆயினும் அந்தப் படத்தைத் திறந்து தானே வர்ணம் பூசிப் பார்க்கலாம் என்று அறிந்துகொண்ட ஒரு தலைமுறை அங்கிருந்துதான் கிளம்பியது. 1998-ல் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல், மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-ல் கட்டிய திருத்தம்தான் கவுண்டர்-ஸ்டிரைக். அதே கவுண்டர்-ஸ்டிரைக்கின் 2012-ம் ஆண்டுப் பதிப்புக்கு, 2013 ஆகஸ்டில், ஆயுதங்களுக்கு வர்ணத்தோல் போர்த்தும் ஏற்பாட்டை வால்வ் நிறுவனம் கொண்டு வந்தபோது, துப்பாக்கிகளின் விரித்த தோல்களை அந்நிறுவனமே வரைபவர்களுக்காக வெளியிட்டது. ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகப் பார்ப்பதுபோலிருந்த ஒன்று, அச்சிட்ட மாதிரித்தாளாக வீடு தேடி வந்துவிட்டது.

எல்லா விளையாட்டுகளுக்கும் அப்படி மாதிரித்தாள் கிடைப்பதில்லை. அப்போது நாமே எடுக்க வேண்டும். எடுப்பது என்றவுடன் ஏதோ பெரிய கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதாக நினைத்துவிடக் கூடாது. விரிக்கும் வேலை ஏற்கெனவே முடிந்து, எண்களாக மாடல் கோப்பினுள் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்களுக்கிடையே கோடு போட்டுக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது ஒன்றே நம் வேலை. 2011-ல் வந்த ஸ்கைரிம் விளையாட்டை உதாரணமாகக் கொண்டால், வாள்களும் கோடரிகளும் பிஎஸ்ஏ என்னும் மூட்டைகளில் கட்டப்பட்டிருக்கும். மூட்டையை அவிழ்த்தால் நிஃப் என்ற பெயரில் மாடல் கோப்பும், டிடிஎஸ் என்ற பெயரில் படக் கோப்பும் வெளிவரும். நிஃப்ஸ்கோப் என்ற இலவச மென்பொருளில் மாடலைத் திறந்து, வேண்டிய பகுதியைச் சுட்டி, மாதிரித்தாளை ஏற்றுமதி செய் என்று கேட்டால், முக்கோண வலையைப் படமாகக் கொடுத்துவிடும். அல்லது மாடலைப் பிளெண்டருக்குள் கொண்டுவந்து, எல்லா முனைகளையும் தேர்ந்து, யூவி வலையை ஏற்றுமதி செய்யலாம். ஊடுருவித் தெரியும் பின்னணியில் கோடுகள் உள்ள பிஎன்ஜி படம் கிடைக்கும். ஏற்றுமதியின்போது அளவைப் பழைய டெக்ஸ்சரின் அளவாகவோ அதன் இரட்டிப்பாகவோ வைத்துக்கொண்டால் பின்னால் தொல்லையில்லை.

அந்த வலைப்படத்தை கிம்ப் போன்றதொரு வரைபலகையில் மேலடுக்காக வைத்து, அதன் கீழே பழைய டெக்ஸ்சரை வைத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாமல், எல்லாம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வி என்னும் அளவைக் கீழ் ஓரத்திலிருந்து எண்ணுவது ஒரு மரபு, மேல் ஓரத்திலிருந்து எண்ணுவது இன்னொரு மரபு. ஓப்பன்ஜிஎல் முந்தியதைக் கொண்டது, டைரக்ட்எக்ஸ் பிந்தியதைக் கொண்டது. ஒரு மரபில் பிறந்த மாடல் மற்றதற்குள் மாறிப் போகும்போது இடையில் யாரோ திருப்ப மறந்திருப்பார்கள். படத்தை மேல்கீழாகப் புரட்டிவிட்டால் சரியாகிவிடும். பிறகு, வலைக்கும் பழைய படத்துக்கும் நடுவில் புதிய அடுக்குகளைப் போட்டு வரையலாம். வரைந்து முடித்ததும் வலையடுக்கை மறைத்துவிட்டுச் சேமிக்க வேண்டும். மறைக்க மறந்து, துப்பாக்கி முழுவதும் சிலந்தி வலையோடு விளையாட்டில் தோன்றிய அனுபவம் இந்தத் தொழிலில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

இன்னும் ஒரு நுட்பம். தீவின் கோட்டோடு நிறத்தை நிறுத்திவிடக் கூடாது; சில பிக்ஸல் தூரமாவது வெளியே வழிய விட வேண்டும். காரணத்தை 1983-ல் லான்ஸ் வில்லியம்ஸ் விவரித்த முறையில் காணலாம். துப்பாக்கி தொலைவில் கிடக்கும்போது 2048 பிக்ஸல் படத்தை முழுதாகப் படிப்பது வீண். ஆகையால் அதையே பாதியாக, அதன் பாதியாக, கடைசியில் ஒற்றைப் பிக்ஸல் வரை சுருக்கிய பிரதிகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வார்கள். இப்பிரதிகள் எல்லாம் சேர்ந்து மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தையே கூடுதலாக அடைக்கும். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் அக்கம்பக்கத்துப் பிக்ஸல்கள் கலந்துவிடுகின்றன. தீவின் ஓரத்துக்கு வெளியே வெள்ளையாக விட்டிருந்தால், அந்த வெள்ளை உள்ளே கசிந்து, தொலைவில் கிடக்கும் துப்பாக்கியின் தையல் நெடுகச் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோலத் தெரியும். டிடிஎஸ் கோப்பாகச் சேமிக்கும்போது, நாலுக்கு நாலு பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் சில நிறங்களால் மட்டும் சொல்லும் சுருக்க முறையைத் தேர்ந்தால், 16 மெகாபைட் படம் 2 மெகாபைட்டுக்குள் அடங்கும்; பொடி எழுத்துகளின் விளிம்பு சற்று மழுங்கும். எழுத்து வேண்டுமென்பவர்கள் பெரிதாக எழுதுங்கள். கடைசியாக, புதிய கோப்பைப் பழைய கோப்பின் பெயரிலேயே, பழைய பாதையிலேயே வைக்க வேண்டும். ஸ்கைரிம் மூட்டைக்கு வெளியே கிடக்கும் கோப்புக்கே முதல் மரியாதை கொடுக்கும். மூட்டையிலுள்ள மூலக் கோப்புகள் அவற்றைச் செய்தவர்களின் சொத்து. நாம் வரைந்த படத்தை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், அவர்களுடைய மாடலை எடுத்து வழங்குவது முறையாகாது.

யூ, வி எண்களைப் பொருட்படுத்தாத வழியும் உண்டு. கவுண்டர்-ஸ்டிரைக்கின் வர்ண வகைகளில் ஒன்று, அச்சுத்தகட்டை எதிரே வைத்துத் தெளிப்பான் அடிப்பதுபோலச் சித்திரத்தைப் பக்கங்களிலிருந்து பாய்ச்சுவது. தையல் தொல்லையில்லை, ஆனால் இன்ன இடத்தில் இன்ன உருவம் என்ற கட்டுப்பாடும் இல்லை. அதே விளையாட்டில் கத்திகளுக்கு டமாஸ்கஸ் எஃகு என்றொரு தோல் இருக்கிறது. உண்மையான டமாஸ்கஸ் வாள்களுக்கு எஃகு தென்னிந்தியாவிலிருந்து போயிற்று. ஐரோப்பியர் அதை வூட்ஸ் என்றார்கள், அச்சொல் உருக்கோடு உறவுடைய கன்னட உக்கு என்பதிலிருந்து வந்ததென்பது பலருடைய அபிப்பிராயம். அந்த வாளில் நீரோட்டம்போல் தெரியும் ரேகை மேலே பூசியதன்று. எஃகினுள் கார்பைடு துகள்கள் வரிசையாகப் படிந்து, உலோகத்தின் ஆழம் வரை ஓடுவது. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் அதேபோன்ற ரேகை இருக்கும். விளையாட்டுக் கத்தியின் ரேகைக்கோ கனமே கிடையாது. அதைத் தேய்த்தால் அடியில் இருப்பது யூ, வி என்ற இரண்டு எண்கள்.

நான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் மருமகன் சற்று யோசித்தான். மறுபக்கத்துத் தீவைப் பிரித்து வேறிடத்தில் வைத்தால் பெயர் சரியாகிவிடும். ஆனால் அதற்குப் படத்தை மட்டுமல்ல, மாடல் கோப்பையே திருத்த வேண்டும், படத்தில் காலி நிலமும் வேண்டும். இருந்த காலி நிலம் ஒரு கைப்பிடி அளவுதான். "இடம்வலம் திருப்பினாலும் மாறாத எழுத்து தமிழில் இருக்கா மாமா?" என்று கேட்டான். இருவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று வரிசையாக எழுதிப் பார்த்தோம். பகரம் ஏறக்குறையத் தேறியது. அதன்பின் அவனே கண்டுபிடித்தான். மூன்று புள்ளிதானே என்று சிரித்தான். ஊரில் பலரும் ஆயுத எழுத்து என்றே சொல்லும் அந்த ஃ இப்போது அவனுடைய துப்பாக்கியின் இரு பக்கங்களிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.